கப்பல் மாலை ஐந்து மணிக்கு, விமானம் காலை ஏழு மணிக்கு: இந்த இடைவெளி போதுமா?

நீங்கள் எழுதியிருப்பது சுருக்கமாக இது. கும்பகோணத்திலிருந்து ஐந்து பேர் போகிறீர்கள்: அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66, நீங்கள் இருவர், எட்டு வயதுப் பையன். சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் சொகுசுக் கப்பலில் நான்கு இரவுகள். ஞாயிறு அதிகாலை 12.40க்குத் திருச்சியில் விமானம் ஏறினால் காலை 7.20க்குச் சிங்கப்பூர் போய்விடலாம். திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் தனி டிக்கெட் என்று வாங்கினால் இன்னும் மலிவு, பகல் 12.30க்கு இறங்கலாம். திரும்பும்போது வியாழன் காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது, 10.30க்குத் திருச்சி விமானம் இருக்கிறது. எத்தனை மணி நேர இடைவெளி போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் இருக்கும் கேள்வி அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். வழியில் ஏதாவது ஒன்று பிசகினால் கப்பல் நமக்காக நிற்குமா? நிற்காவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்?

தஞ்சாவூரில் 24 ஆண்டுகளாக விமான டிக்கெட் போட்டுத் தரும் தொழில் செய்கிறேன். முன்பெல்லாம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது அவர்களுடைய பெற்றோரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கப்பல் பயணத்துக்கென்றே வருகிறார்கள். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் நிற்காது. நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே சனிக்கிழமையே சிங்கப்பூர் போய்விடுங்கள். சென்னை வழியாக இரண்டு தனி டிக்கெட் என்கிற திட்டத்தைக் கைவிடுங்கள். திரும்பும்போது 10.30 விமானம் வேண்டாம். பிற்பகலிலோ இரவிலோ கிளம்புவதை எடுங்கள்.

மணிக்கணக்கை நீங்கள் மாலை ஐந்திலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறீர்கள். ஐந்து மணி என்பது கப்பலின் கயிற்றை அவிழ்க்கும் நேரம். பயணிகள் ஏறுவதற்கான கவுண்ட்டரை அதற்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். உங்கள் பயணச் சீட்டில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், தேடிப் பாருங்கள். கவுண்ட்டரை மூடியதும் ஏறியவர்களின் பெயர்ப் பட்டியல் அதிகாரிகளிடம் போய்விடுகிறது. அதன்பிறகு ஒருவரைச் சேர்ப்பது கேப்டனே மனம் இரங்கினாலும் எளிதான காரியம் இல்லை. துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரத்துக்குக் கட்டணம் ஓடுகிறது. கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்டை இந்த நேரத்துக்கு என்று சொல்லி வரவழைத்திருப்பார்கள். அடுத்த துறைமுகத்தில் அணையும் இடத்தையும் நேரம் குறித்துத்தான் வாங்கியிருப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி உட்கார்ந்திருக்கும் கப்பலை ஐந்து பேருக்காக நிறுத்திவைக்க யாராலும் முடியாது. எனவே மூன்றரை மணி என்று சீட்டில் இருந்தால், உங்களுக்குக் கப்பல் கிளம்பும் நேரம் மூன்றரைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த பத்தாவது ஆண்டில் பாபநாசத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஐயா பணி ஓய்வு பெற்ற பணத்தில் முதல் வெளிநாட்டுப் பயணம். உங்களுடையதைப் போலவே காலையில் சிங்கப்பூரில் இறங்கி அன்று மாலையே கப்பல். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது, தாராளமாகப் போதும் என்று சொன்னவன் நான்தான். பெட்டிகளில் மாட்டுவதற்கான அட்டைகளை அறை எண்ணோடு அச்சிட்டு, நீளவாக்கில் மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு பெட்டிக்கு நான்கு என்று ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு விமானம் திருச்சியிலேயே எட்டு மணி நேரம் தாமதமானது. அவர்கள் டாக்சி பிடித்துக் கப்பல் முனையத்துக்குள் ஓடியபோது மணி நான்கு இருபது. கப்பல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. மேல்தளத்தில் ஆட்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். கவுண்ட்டரில் ஆளில்லை. முக்கால் மணி நேரம் அவர்கள் அங்கேயே உட்கார்ந்து அது நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள். ஊர் திரும்பியதும் அந்த அம்மாள் என் அலுவலகத்துக்கு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அந்த நான்கு அட்டைகளையும் என் மேசையில் வைத்தார். கப்பல் கட்டணத்தில் ஒரு ரூபாயும் திரும்ப வரவில்லை. இன்றுவரை அந்த நான்கு அட்டைகளும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன.

அன்றிலிருந்து நான் மணியை எண்ணுவதை விட்டுவிட்டு, மாற்று வழிகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு விமானம் ரத்தானால், அதற்குப் பிறகு கிளம்பி, கவுண்ட்டர் மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேறு விமானம் உண்டா, அதில் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் இடம் கிடைக்குமா என்று பார்ப்பேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, நல்ல வசதி. ஆனால் சென்னையைப் போல அத்தனை விமானங்கள் கிடையாது. பண்டிகைக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் அவை நிரம்பிப் போகின்றன. ஞாயிறு அதிகாலை விமானம் ரத்தானால், அதே நிறுவனம் அடுத்த நாள் விமானத்தில்தான் உங்களுக்கு இடம் தரக்கூடும். ஐந்து இடம் ஒன்றாகக் கிடைப்பது அதனினும் கடினம். அதாவது உங்கள் முதல் திட்டத்தில் எட்டு மணி நேர இடைவெளி இருந்தும் மாற்று வழி ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமையே போனால் இடையில் ஒரு முழு நாள் இருக்கிறது. கோலாலம்பூர் வழி, கொழும்பு வழி, சென்னை வழி என்று எதையாவது பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடலாம். இளம் வயதினர் இருவர் மட்டும் என்றால் முதல் திட்டத்தையும் நான் முற்றாகத் தள்ளமாட்டேன். துணிந்து போகிறவர்கள் போகலாம். 71 வயதுக்காரரை இரவு முழுக்கக் கண்விழிக்க வைத்து, பதற்றத்தோடு கப்பலுக்குக் கூட்டிப்போவது எனக்குச் சம்மதமில்லை. ஓர் இரவு விடுதிச் செலவு ஐந்து பேருக்கும் கணிசமான தொகைதான். ஐந்து பேரின் கப்பல் கட்டணத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

சென்னை வழித் திட்டத்தில் இருக்கும் ஆபத்து வேறு வகை. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானங்களும் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது உங்களை வேறு விமானத்தில் ஏற்றி ஊர்கொண்டு சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியையும் அவர்களே அடுத்த விமானத்துக்கு மாற்றுவார்கள். தனித்தனி டிக்கெட் வாங்கினால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி. அவ்வளவுதான். ஒரே நிறுவனத்தின் டிக்கெட் என்றாலும் தனி பி.என்.ஆர். என்றால் இந்தக் கதிதான். இதைவிட மோசமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: போகவர ஒரே டிக்கெட்டாக வாங்கியவர் போகும் விமானத்தைத் தவறவிட்டு, அவசரத்தில் வேறு நிறுவன விமானத்தில் ஏறிப் போய்விட்டால், பழைய டிக்கெட்டின் திரும்பும் பகுதியும் பெரும்பாலும் தானாக ரத்தாகிவிடும். திரும்பும் நாளன்று விமான நிலையத்தில்தான் அது தெரியவரும். அப்படி ஒரு நெருக்கடி வந்தால், புது டிக்கெட் வாங்குவதற்கு முன் பழைய நிறுவனத்திடம் பேசி, திரும்பும் பயணத்தைக் காப்பாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையை நம்பிப் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அந்த மாதங்களில் சென்னை வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், உழவன் எக்ஸ்பிரஸில் இரண்டு நாள் முன்பே கிளம்பிப் போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். உங்களுக்கு அந்த அவசியம் இல்லை.

டெல்டாக்காரர்களுக்கு முதல் இணைப்பு என்பது விமானம் அல்ல, சாலைதான். பயணத் திட்டம் போடும்போது எல்லாரும் இதை விட்டுவிடுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் என்று ஓட்டுநர் சொல்வார். தஞ்சாவூர் தாண்டியபின் அவர் சொல்வது சரி. அதற்கு முன் பாபநாசம், அய்யம்பேட்டை வழியாக வரும்போது முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு மண்டபம் வண்டி நிற்கும். குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். கொள்முதல் நிலையத்துக்கு முன் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். திருச்சிக்குள் நுழைந்தபின் டிவிஎஸ் டோல்கேட்டில் மாலை நேர நெரிசல் வேறு. ஆகவே விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும், அதற்கு மூன்றரை மணி நேரம் முன்பு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதமென்றால் இரவுப் பனிமூட்டத்துக்கு இன்னும் அரை மணி.

12.40 விமானத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. விமான டிக்கெட்டில் நள்ளிரவில் பிறக்கிறது. 14ஆம் தேதி 12.40 என்று அச்சிட்டிருந்தால் 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி இரவு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற குடும்பங்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், கணக்கு வாத்தியார்கள். வீட்டு நாட்காட்டியில் தேதியைச் சுழிக்கும்போது, வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளைச் சுழியுங்கள்.

முதல் நாளே போவது புதுப் பழக்கமும் இல்லை. என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். சென்னையிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போன கப்பல் அது. 1973இல் அது நின்று, அதற்குப் பதிலாக வந்த எம்.வி. சிதம்பரமும் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி அணைய முடியாது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், படகில்தான் போய் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதற்கும் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே கட்டுச்சோற்று மூட்டையோடு நாகைக்குப் போய்ச் சத்திரத்தில் படுத்திருந்ததாகத் தாத்தா சொல்வார். மாட்டு வண்டியையும் ரயிலையும் நம்பிப் போனவர்கள் அப்படித்தான் போனார்கள்.

சிங்கப்பூரில் இறங்கியபின் பார்க்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. அங்கே பயணக் கப்பல் அணையும் முனையங்கள் இரண்டு: ஒன்று மரினா பே க்ரூஸ் சென்டர், மற்றொன்று ஹார்பர்ஃபிரண்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். பெயர்கள் குழப்பும். ‘க்ரூஸ் சென்டர்’ என்று மட்டும் டாக்சிக்காரரிடம் சொன்னால் தவறான இடத்தில் போய் இறங்க நேரிடலாம். உங்கள் சீட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை முழுதாக ஒரு தாளில் எழுதி அப்பா சட்டைப் பையிலும் ஒரு பிரதி வையுங்கள். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். பையனையும் ஒரு ஆளாகவே எண்ணுவார்கள். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்துப் பெரிய வண்டி முன்பதிவு செய்யுங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து மரினா பே முனையத்துக்கு அரை மணி நேரம் போதும். தொலைவு ஒரு பிரச்சினையே இல்லை. முதல் நாள் இரவு சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கினால் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு காலடியில் கிடைக்கும், வீரமாகாளியம்மன் கோயிலும் நடக்கிற தூரம்.

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். நீங்கள் கப்பலில் வெளியேறி மறுபடி உள்ளே வருகிறீர்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள், கப்பலிலிருந்து திரும்பும் நாள் வரை அது செல்லுமா என்றும் பாருங்கள். வருகை அட்டையை நுழைவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்தில் போய் இறங்கும்போது ஒருமுறை, கப்பலில் திரும்பி வரும்போது ஒருமுறை. அரசின் தளத்தில் அது இலவசம்; காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். இடையில் கப்பல் மலேசியாவையோ தாய்லாந்தையோ தொட்டால் அந்த நாட்டு விதியும் பொருந்தும். விசா விதிகள் அடிக்கடி மாறுகிறவை. நான் இன்று எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அந்தந்த அரசுத் தளத்தில் சரிபாருங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சிக்குகிறார்கள். கப்பல் சீட்டில் இனிஷியலோடு, விமான டிக்கெட்டில் அப்பா பெயரை விரித்து, விசாவில் வேறு வரிசையில் என்று மூன்று விதமாக இருந்தால் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் நின்று விளக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே மூன்றிலும் இருக்கட்டும். அதேபோல, அப்பாவுக்குக் கும்பகோணம் வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை. அம்மா மசாலாப் பொட்டலத்தில் கசகசா வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கும் அங்கே தடைதான். சுங்கத்தில் பெட்டியைப் பிரித்து அடுக்குவதில் போகும் நேரமும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

கப்பல் முனையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டால் அவை அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். மருந்து, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி ஆகியவை கையில் இருக்கும் பையில் இருக்கட்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் என்றால் மருத்துவரின் சீட்டும் அதோடு.

திரும்பும் நாளைப் பற்றி. கப்பல் ஏழு மணிக்குக் கரை சேர்கிறது என்றால் ஏழு மணிக்கு நீங்கள் இறங்கலாம் என்று பொருள் இல்லை. அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி தந்த பிறகுதான் முதல் பயணி இறங்குவார். குழு குழுவாக அழைப்பார்கள். இறங்கி முடிய ஒன்பதரை, பத்துகூட ஆகும். முதல் நாள் இரவே பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட்டால் அவை கரையில் குவியலாக வந்து சேரும், அங்கே தேடி எடுக்க வேண்டும். பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு போகிறவர்களை முதலில் இறங்க விடுவார்கள். 10.30 விமானத்துக்குச் செக்-இன் கவுண்ட்டர் ஒன்பதரைக்கு மூடும். அதற்குள் டாக்சி வரிசையையும் அரை மணி நேரப் பயணத்தையும் கழித்தால், நீங்கள் எட்டு மணி வாக்கில் இமிக்ரேஷன் முடித்து முனையத்துக்கு வெளியே நின்றாக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் நடக்கும். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தால், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், அன்று காலை அதைக் கேட்டவர்கள் இன்னும் பல பேர் இருப்பார்கள். கப்பல் மழையாலோ போக்குவரத்தாலோ ஒரு மணி நேரம் பிந்தினால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. பகல் ஒரு மணிக்கு முந்திய விமானத்தை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. இரவு விமானம்தான் கிடைக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். சாங்கியில் கட்டணம் கட்டிப் பெட்டிகளை ஒப்படைத்துவிடலாம்; விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்கு அருவியைப் பார்த்துக்கொண்டு பையன் பொழுதைப் போக்கிவிடுவான்.

காப்பீடு கேட்டிருந்தீர்கள். எடுங்கள், கிளம்புவதற்கு முன்பே. ஆனால் ‘இணைப்பு தவறியது’ என்பதற்கான பிரிவில் எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல், எந்தெந்தக் காரணத்துக்கு, இரண்டு பயணங்களுக்கும் இடையில் குறைந்தது எத்தனை மணி நேரம் விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். கப்பலை இணைப்பாகக் கருதுகிறார்களா என்பதைக் காப்பீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது. விமான நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இடம் தருகிறது, இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம். என் வாடிக்கையாளர்களில் அந்த வழியில் கப்பல் கட்டணத்தைத் திரும்பப் பெற்றவர் யாரும் இல்லை. கப்பல் நிறுவனமே விமானத்தையும் சேர்த்து விற்றால், தாமதமானவர்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பைச் சில நிறுவனங்கள் ஏற்கின்றன. கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு தாமதமாகிவிட்டால், திருச்சியிலேயே கப்பல் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். சீட்டில் துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும், அவரையும் அழையுங்கள். அடுத்த துறைமுகத்தில் ஏற விடுவார்களா என்று தெரிந்துகொள்ளாமல் பினாங்குக்கோ புக்கெட்டுக்கோ டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்; நாட்டு விதி, கப்பலின் விதி இரண்டும் அனுமதித்தால்தான் ஏற முடியும். தாமதத்துக்கான சான்றிதழை விமான நிறுவனத்திடம் அன்றைக்கே வாங்குங்கள். காப்பீட்டுக்கு அதுதான் முதல் தாள்.

அடுத்த ஆண்டு ஐரோப்பா போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் நான் அனுப்பியவர்கள் குறைவு, ஆகவே சிங்கப்பூரைப் பற்றிச் சொன்ன அளவுக்கு அழுத்திச் சொல்ல மாட்டேன். உறுதியாகத் தெரிந்த இரண்டை மட்டும் சொல்கிறேன். விளம்பரத்தில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் கிளம்புவது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்திலிருந்து. ரோம் விமான நிலையத்திலிருந்து அது சுமார் ஒரு மணி நேரத் தொலைவு. வெனிஸ் நகரை ஒட்டிய கியுதெக்கா கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதை 2021 ஆகஸ்ட்டில் தடை செய்துவிட்டார்கள். வெனிஸ் என்று விற்கும் பயணங்களில் சில இப்போது ரவென்னாவிலிருந்தோ த்ரியெஸ்தேயிலிருந்தோ கிளம்புகின்றன. இரண்டுமே வேறு ஊர்கள். நம் ஊரிலிருந்து இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் அங்கே ஒரு நாள் முன்பு போனாலும் போதாது, இரண்டு நாள் வேண்டும். இடையில் துருக்கியைத் தொடும் கப்பல் என்றால் ஷெங்கன் விசாவும் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். அதே 12.40 விமானத்தில் ஒரு நாள் முன்பு இடம் பாருங்கள். சனிக்கிழமை பகலில் கிளம்பும் விமானம் கிடைத்தால் அதுவே மேல், பெரியவர்கள் இரவு வீட்டில் தூங்கிவிட்டு வரலாம். சனிக்கிழமை ஒன்பது மணி முதல் பத்தரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் வாசல் தாண்ட அம்மா தயங்கினால், முன்பே நல்ல நேரத்தில் ஒரு பையை எதிர்வீட்டில் பரஸ்தானமாக, அதாவது பயணம் தொடங்கிவிட்டதன் அடையாளமாக, வைத்துவிடச் சொல்லுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். இரவு விமானம்தான் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் வண்டி ஏறுங்கள். அந்த நேரத்தில் ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை.